ஃபிளாம்பாயண்ட்: பகட்டைச் சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளையும் வேரையும் தேடிப் பிடிப்பது எப்படி

ஆங்கிலத்தில் பகட்டைச் சொல்ல ஏகப்பட்ட சொற்கள். ஃபிளாம்பாயண்ட், ஆஸ்டென்டேஷியஸ், காடி, கேரிஷ், டாட்ரி, ஸ்வாங்கி, ஷோவி, பிளிங் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டினால் முக்கால்வாசிச் சொற்களுக்கும் ‘பகட்டான’, ‘ஆடம்பரமான’ என்ற இரண்டே விடைகள்தாம். பரீட்சைக்கு அது போதும். மொழிபெயர்க்கவோ ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதவோ போதாது. இந்தச் சொற்களில் சில பாராட்டு, சில திட்டு, சில பாராட்டுபோல் வரும் திட்டு.

ஃபிளாம்பாயண்ட் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் இன்றைய பொருளிலிருந்து வேர்வரை போய்த் திரும்பும் வழியைக் கீழே பார்க்கலாம். அதே வழியில் மற்ற சொற்களையும் நீங்களே தேடலாம். தேவையானவை: ஒரு நோட்டுப் பக்கம், மாணவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதி ஒன்று, சொல் வரலாறு சொல்லும் அகராதி ஒன்று, இணைய வசதி.

முதலில் இன்றைய பொருள்

வேரை முதலில் பார்க்காதீர்கள். பார்த்தவர்கள் அதிலேயே சிக்கிக்கொள்வார்கள். ‘தீப்பிழம்பு என்று பொருள், ஆகவே கோபக்காரர்’ என்று எழுதிவிடுவார்கள். சொல்லுக்கு இன்று என்ன பொருள் என்பதை இன்று அதைப் பயன்படுத்துபவர்களே தீர்மானிக்கிறார்கள். வேர் அந்தப் பொருளின் சாயலை விளக்கலாம், அதை மாற்ற முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகியவற்றின் மாணவர் அகராதிகளில் ஏதேனும் ஒன்றைத் திறந்தால் ஃபிளாம்பாயண்டுக்கு இரண்டு பொருள் இருக்கும். ஆளைப் பற்றிச் சொன்னால், தயக்கமில்லாமல், பிறர் திரும்பிப் பார்க்கும்படி நடந்துகொள்பவர். பொருளைப் பற்றிச் சொன்னால், நிறமும் வடிவும் கண்ணைப் பறிக்கும்படி இருப்பது. இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். எழுதிவிட்டு, இரண்டிலும் எது இல்லை என்று பாருங்கள். காசு இல்லை. ஃபிளாம்பாயண்டாக இருக்கப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. இதுதான் இந்தச் சொல்லின் உயிர்நாடி. வேரைத் தேடும்போது இதற்கான காரணமும் கிடைக்கும்.

அடுத்து, ஆங்கில நாளிதழ்களிலிருந்து இருபது, முப்பது வாக்கியங்களைச் சேர்த்து, ஃபிளாம்பாயண்டுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லை மட்டும் தனியே எழுதுங்கள். பெர்சனாலிட்டி, ஸ்டைல், காஸ்ட்யூம், ஜெஸ்சர், கிரிக்கெட் பக்கமானால் பேட்ஸ்மேன் என்று வரும். ஆஸ்டென்டேஷியஸுக்கும் இதே வேலையைச் செய்தால் வெல்த், டிஸ்ப்ளே, வெட்டிங் என்று வரும். ஒரு பட்டியலில் ஆளும் அசைவும், இன்னொன்றில் சொத்தும் செலவும். அகராதி இரண்டு பக்கத்தில் சொல்வதை இந்தப் பட்டியல்கள் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடும்.

கடைசியாக மாற்றிப்போட்டுப் பாருங்கள். ஃபிளாம்பாயண்ட் பேட்ஸ்மேன் என்பது பெரும்பாலும் ரசித்துச் சொல்வது. அங்கே ஆஸ்டென்டேஷியஸைப் போட்டால், மனிதர் ஆடுவதை விட்டுவிட்டுக் கேலரிக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஆகிவிடும். ஆஸ்டென்டேஷியஸ் வெட்டிங் என்பது கடன் வாங்கியாவது ஊரை மிரட்டும் கல்யாணம். ஃபிளாம்பாயண்ட் வெட்டிங் என்றால் உடையும் ஆட்டமும் கொண்டாட்டமும் முன்னுக்கு வரும், செலவு பின்னுக்குப் போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இருபதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ், அமெரிக்கப் பத்திரிகைகளில், குறிப்பாக இரங்கல் குறிப்புகளில், ஓர் ஆணை ஃபிளாம்பாயண்ட் என்று எழுதுவது அவர் தன்பால் ஈர்ப்பு உள்ளவர் என்பதைச் சொல்லாமல் சொல்லும் குறிப்பாகவும் இருந்தது. பழைய கட்டுரையை மொழிபெயர்க்கும்போது இந்த நிழல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்று ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போதும், அவர் உடையையோ பேச்சையோ குறிப்பாகச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

அகராதியின் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படிப்பது

சொல்லின் பிறப்பு பெரும்பாலும் பொருளுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சதுர அடைப்புக்குறிக்குள் சுருக்கெழுத்துகளாகக் கிடக்கும். பலரும் தாண்டிப் போகும் இடம் இது. தவறாகப் படிப்பவர்களும் அதிகம்.

இடப்பக்கம் கூராக இருக்கும் அம்புக்குறி போன்ற அடையாளம் ‘இதிலிருந்து வந்தது’ என்று பொருள்படும். எஃப் என்றால் பிரெஞ்சு, ஓ.எஃப். என்றால் பழைய பிரெஞ்சு, எல் என்றால் லத்தீன். டிம். என்பது குறுமைப் பெயர்: ‘சிறிய’ என்ற பொருள் தரும் விகுதி சேர்ந்த வடிவம். சொல்லுக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் காணப்படவில்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் ஊகித்து அமைத்தது என்று கொள்ள வேண்டும். சி.எஃப். என்றால் ‘ஒப்பிடுக’ மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் சொல் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை, பங்காளியாக இருக்கலாம். தவறான சொற்பிறப்புகளில் நிறையப்பேர் விழுவது இந்தச் சி.எஃப்.-ஐ ‘இதிலிருந்து’ என்று படித்துத்தான்.

1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் முதல் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உள்ள ஒரு வழக்கம் ஆளைக் கவிழ்க்கும். ஏ என்ற எழுத்துக்குப் பின் புள்ளி வைத்து, அடுத்து எஃப் வந்தால், அந்த ஏ பெயரடையைக் குறிக்கவில்லை, ‘பிரெஞ்சிலிருந்து அப்படியே எடுத்தது’ என்று பொருள். ஏ.டி. என்று வந்தால் ‘உருமாற்றி எடுத்தது’. சொல்லுக்கு முன்னால் இரண்டு செங்குத்துக் கோடுகள் இருந்தால் அது ஆங்கிலத்தில் இன்னும் அயலாகவே நிற்கிறது என்றும், சிலுவைபோன்ற கத்திக்குறி இருந்தால் வழக்கொழிந்துவிட்டது என்றும் கொள்க.

இந்தச் சாவிகளோடு ஃபிளாம்பாயண்டைத் திறந்தால் சங்கிலி இப்படி வரும். லத்தீனில் ஃபிளாம்மா என்றால் தீப்பிழம்பு. அதன் குறுமை வடிவம் ஃபிளாம்முலா, சிறு சுடர். அது பழைய பிரெஞ்சில் ஃபிளாம்ப் ஆயிற்று. அதிலிருந்து ‘சுடர்விடு’ என்ற வினை. அந்த வினையின் நிகழ்கால எச்சம்தான் ஃபிளாம்பாயண்ட்: சுடர்விடுகின்ற, சுடர்போல் நெளிகின்ற. ‘நெளிகின்ற’ என்ற இரண்டாவது பாதியை அடிக்கோடிடுங்கள்.

நடுவில் ஒரு கட்டடம்

பெரும்பாலான குறிப்புகள் ‘பிரெஞ்சில் தீ, ஆங்கிலத்தில் பகட்டு’ என்று தாவிவிடுகின்றன. இடையில் ஒரு படி இருக்கிறது. அதை விட்டால் சொல்லின் குணம் புரியாது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1832-ல் முதலில் காணப்படும்போது அது கட்டடக்கலைச் சொல். பிரான்சில் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கட்டப்பட்ட கோதிக் (கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டடக்கலை) தேவாலயங்களின் பாணிக்கு அந்தப் பெயர். சன்னல் கண்ணாடிகளைப் பிரித்துத் தாங்கும் கல் சட்டங்கள் நேராக நிற்காமல் எஸ் வடிவில் இரட்டை வளைவாக ஓடி, காற்றில் அசையும் சுடர்களைப்போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ரூவான் நகரத்தின் சான் மக்லூ தேவாலயம் நல்ல எடுத்துக்காட்டு. 1430-களில் தொடங்கி 16-ஆம் நூற்றாண்டில் முடிந்தது.

படத்தில் பார்க்காமல் இது மனத்தில் நிற்காது. பாரிஸின் சான்ட் ஷாப்பெல் மேல்தளப் படங்களைத் தேடுங்கள். 1248-ல் திருநிலைப்படுத்தப்பட்ட அந்தக் கட்டடத்தின் பக்கவாட்டுச் சன்னல்கள் முந்தைய ரேயொனான் பாணி: நேர்க்கம்பிகள், மேலே வட்டங்கள், அடக்கமான கணக்கு. மேற்குச் சுவரின் வட்டச் சன்னல் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாற்றி வைக்கப்பட்டது. அதன் கல் சட்டங்கள் முழுக்க நெளிகின்றன. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே அரசர்கள் செலவழித்தவை, இரண்டும் விலை உயர்ந்தவை. ஒன்றுதான் ஃபிளாம்பாயண்ட். வேறுபாடு செலவில் இல்லை, கோட்டின் ஆட்டத்தில் இருக்கிறது.

இந்தப் பெயரை அந்தக் கட்டடங்களை எழுப்பியவர்கள் வைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தொல்பொருள் ஆர்வலர்கள் வைத்தது. ஆகவே 15-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் இந்தப் பாணிப் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சன்னலிலிருந்து மனிதனுக்கு வந்த காலம்? ‘பகட்டான’ என்ற விரிந்த பொருளுக்கு ஆன்லைன் எட்டிமாலஜி அகராதி 1879 என்ற ஆண்டைத் தருகிறது. அதாவது சுமார் ஐம்பது ஆண்டு கல்லில் இருந்துவிட்டுத்தான் ஆளிடம் வந்திருக்கிறது. அந்த ஐம்பது ஆண்டில் ஒட்டிக்கொண்ட வளைவும் அசைவும் இன்றும் கூடவே வருகின்றன. தோள் குலுக்கல், கையை வீசிப் பேசுவது, மட்டையை முழு வட்டமாகச் சுழற்றுவது எல்லாம் இதில் அடங்குவது அதனால்தான்.

ஆண்டுகளைச் சரிபார்ப்பது

அகராதி தரும் ஆண்டு சொல் பிறந்த ஆண்டு அல்ல. அச்சில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட மிகப் பழைய சான்றின் ஆண்டு. புதிய நூல்கள் மின்படியாக்கப்படும்போது இது பின்னோக்கி நகரும். ஆகவே ‘1832-ல் உருவாக்கப்பட்டது’ என்று எழுதாமல் ‘1832-ல் முதலில் காணப்படுகிறது’ என்று எழுதுங்கள்.

மின்படியாக்கிய நூல்களில் ஒரு சொல் ஆண்டுதோறும் எவ்வளவு வருகிறது என்று காட்டும் கூகுள் என்கிராம் வரைபடத்தில் நீங்களே பார்க்கலாம். பெட்டியில் சொல்லைப் போட்டு, ஆண்டை 1800-லிருந்து வையுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை நீக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். கட்டடப் பாணியின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும் என்பதால், இதைச் செய்யாவிட்டால் பாதிச் சான்றுகள் விட்டுப்போகும். கோட்டைச் சராசரியாக்கி வழவழப்பாக்கும் ஸ்மூத்திங் 3 என்று இருக்கும், அதை 0 ஆக்கினால்தான் உண்மையான மேடுபள்ளம் தெரியும்.

1832-க்கு முந்தைய முடிவு வந்தால் துள்ளாதீர்கள். உள்ளே போய்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆங்கில நூலுக்குள் வந்த பிரெஞ்சு மேற்கோளாக இருக்கலாம். நூலின் ஆண்டே தவறாகப் பதிவாகியிருக்கலாம். தொடர் இதழ்களில் இது சகஜம்: இதழ் தொடங்கிய ஆண்டை எல்லாத் தொகுதிக்கும் போட்டுவிடுவார்கள். 1800-க்கு முந்தைய நூல்களில் நீண்ட எஸ் எழுத்தைக் கணினி எஃப் என்று படித்துவிடும். எஃப்-ல் தொடங்கும் எந்தச் சொல்லைத் தேடும்போதும் இந்தத் தொல்லை உண்டு. தலைப்புப் பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்க்காத ஆண்டை நோட்டில் ஏற்றாதீர்கள்.

பிரெஞ்சுப் பக்கம் சரிபார்க்க, சி.என்.ஆர்.டி.எல். தளத்திலுள்ள பிரெஞ்சு மொழிப் பேரகராதி இலவசம். பதிவின் கடைசியில் எட்டிமாலஜி என்ற பகுதிக்குப் போனால் நூற்றாண்டு வாரியாகப் பொருள் மாறியது இருக்கும். லத்தீனுக்கு பெர்சியஸ் தளத்தின் லூயிஸ்–ஷார்ட் அகராதி போதும்.

சொந்தமும் போலிச் சொந்தமும்

ஒரு வேர் சரியா என்று சோதிக்க அதன் குடும்பத்தைப் பாருங்கள். ஃபிளாம்போ என்றால் தீப்பந்தம். சாராயம் ஊற்றிக் கொளுத்திப் பரிமாறும் ஃபிளாம்பே சமையல்முறை. வீக்கத்தையும் எரிச்சலையும் சொல்லும் இன்ஃபிளமேஷன். கொஞ்சம் தூரத்தில் ஃபிளேக்ரன்ட்: ‘எரி’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்து, இன்று வெளிப்படையான விதிமீறலுக்கு மட்டும் அடைமொழியாகிவிட்டது. ஒரே நெருப்பில் ஒன்று ரசனைக்கும் ஒன்று குற்றத்துக்கும் போயிருக்கிறது. ஃபிளமிங்கோ பறவையும் இதே குடும்பம் என்று பல குறிப்புகள் அடித்துச் சொல்லும். ‘ஃபிளாண்டர்ஸ் நாட்டவன்’ என்ற சொல்லின் பாதிப்பும் அதில் பேசப்படுகிறது. இப்படிப்பட்ட இடங்களில் ‘இருக்கலாம்’ என்ற சொல்லை விடாதீர்கள்.

போலிகளைப் பிடிக்க இரண்டு கேள்வி போதும். ஆண்டு பொருந்துகிறதா? இடைப்பட்ட வடிவங்கள் கிடைக்கின்றனவா?

காடி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை உறுத்தும் பகட்டு. பார்சலோனாவின் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதியின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கௌதி பிறந்தது 1852. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில், 1600-ஐ ஒட்டி, பொலோனியஸ் மகனுக்கு உடை பற்றிச் சொல்லும் புத்தியில் இந்தச் சொல் இதே பொருளில் இருக்கிறது. உயர்ந்ததாக உடுத்து, காடியாக உடுத்தாதே என்கிறார். கதை முடிந்தது.

மேட்டுக்குடித்தனமான, உயர்தரமான என்று பொருள்படும் போஷ் என்ற சொல்லுக்கு நம் பக்கத்துக் கதையே உண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும் பி அண்ட் ஓ கப்பல்களில் போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என வெயில் படாத அறைகளைப் பணக்காரர்கள் பிடித்தார்களாம், அதைச் சொல்லும் நான்கு ஆங்கிலச் சொற்களின் (போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்) முதலெழுத்துகள் பயணச்சீட்டில் அச்சடிக்கப்பட்டனவாம். அப்படி ஒரு சீட்டைக்கூட யாரும் இதுவரை காட்டியதில்லை. பொதுவாகவே, 20-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய சொல்லுக்கு முதலெழுத்துக் கதை சொன்னால் நம்ப வேண்டாம். முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் பழக்கமே அதற்குப் பிறகுதான் பரவியது.

மாறாக, டாட்ரியின் கதை கட்டுக்கதைபோல இருக்கும், ஆனால் நிஜம். இங்கிலாந்தின் ஈலி மடத்தை நிறுவிய ராணி ஈதல்திரேதா 679-ல் கழுத்துக் கட்டியால் இறந்தார். இளமையில் கழுத்தணிகளை ஆசையாக அணிந்ததற்கான தண்டனை என்று அவரே கருதியதாக ஆங்கிலத் துறவி பீட் எழுதிய வரலாறு சொல்கிறது. அவர் பெயர் பேச்சில் ஆட்ரி ஆனது. ஈலியில் அவர் விழாச் சந்தையில் விற்ற கழுத்துப் பட்டு நாடா ‘செயின்ட் ஆட்ரி லேஸ்’. செயின்ட் என்பதன் கடைசி ட் அடுத்த சொல்லோடு ஒட்டி ‘டாட்ரி லேஸ்’ ஆயிற்று. பின்னால் மலிவுச் சரக்கு பெருகப் பெருக, டாட்ரி என்றாலே மட்டமான பகட்டு என்றானது. புனிதப் பெயரும், ஒட்டிய வடிவமும், பொருள் இறங்கியதும் என ஒவ்வொரு படிக்கும் எழுத்துச் சான்று இருப்பதால்தான் இதை ஏற்கிறோம், கதை அழகாக இருப்பதால் இல்லை.

தமிழில் எதைப் போடுவது

இங்கே நம் சொற்களுக்கும் அதே சோதனையைச் செய்ய வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் ஒரு வடமொழி அகராதியும் போதும். ஆடம்பரம் வடமொழியில் முதலில் ஒரு வகைப் பறை. பிறகு பெருமுழக்கம், யானையின் பிளிறல், கடைசியில் பகட்டு. டாம்பீகம், வஞ்சகம் என்று பொருள்படும் தம்பத்திலிருந்து வந்தது. படாடோபத்துக்கு மூலமாகச் சொல்லப்படுவது பாம்பு படத்தை விரிப்பது. விஷம் இருக்கிறதோ இல்லையோ, படம் விரிப்பதே பயமுறுத்தும் என்று பஞ்சதந்திரச் செய்யுள் ஒன்று இருக்கிறது.

பழம்பொருள் போகட்டும், இன்றைய வழக்கில் ஆடம்பரம் செலவைச் சொல்கிறது, டாம்பீகமும் படாடோபமும் வெற்றுக் காட்டலைச் சொல்கின்றன. ஆக மூன்றும் ஆஸ்டென்டேஷியஸுக்குத்தான் பொருந்தும். ஃபிளாம்பாயண்டுக்குப் போட்டால் பாராட்டு வசையாகிவிடும். ஆளின் நடையுடையைச் சொன்னால் ‘ஒய்யாரமான’, ‘எடுப்பான’. பேச்சும் கையசைப்புமாக அறையை நிறைப்பவர் என்றால் ‘ஆர்ப்பாட்டமான’. விழா, மேடை என்றால் ‘அமர்க்களமான’. நிறம் என்றால் ‘கண்ணைப் பறிக்கும்’. கிரிக்கெட்டில் ‘அதிரடி’ என்று போடும் வழக்கம் தவறு. அது வேகத்தையும் பலத்தையும் சொல்கிறது, மெதுவாக ஆடும் ஃபிளாம்பாயண்ட் ஆட்டக்காரரும் இருக்கலாம். காடிக்கு ‘கண்ணை உறுத்தும்’, டாட்ரிக்கு ‘ஜிகினா’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது. ஸ்வாங்கிக்கு ‘பந்தாவான’ என்பதைவிட நெருங்கிய சொல் இல்லை. எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்வதுதான் தவிர்க்க வேண்டியது.

பெயர்ச்சொல்லாக வந்தால் அது மரம். மடகாஸ்கரைச் சேர்ந்த டெலோனிக்ஸ் ரீஜியாவுக்கு ஃபிளாம்பாயண்ட் என்றும் பெயர் உண்டு. வடக்கே குல்மோகர், தமிழில் செம்மயிற்கொன்றை. சித்திரை, வைகாசியில் தெருவெல்லாம் சிவப்பாக நிற்பதுதான். ‘ஃபிளாம்பாயண்ட்டின் நிழலில்’ என்ற வாக்கியத்தைப் ‘பகட்டுக்காரரின் நிழலில்’ என்று பெயர்த்துவிடாதீர்கள். நம் ஊர் வாதநாராயணன் மரமும் அதே டெலோனிக்ஸ் பேரினம்தான், பூ மட்டும் வெளிர் நிறம். தாவர நூலை மொழிபெயர்க்கும்போது பேரினப் பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எழுத்திலும் உச்சரிப்பிலும் இரண்டு பொறிகள். மிதப்பதைச் சொல்லும் பாயண்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் பி-க்கு அடுத்து யூ வரும். அந்தப் பழக்கத்தில் ஃபிளாம்பாயண்டிலும் யூ நுழைத்துவிடுவார்கள். இதில் பி, ஓ, ஒய் மட்டுமே. கடைசி அசையில் ஈ வராது, ஏ-தான். அழுத்தம் நடு அசையான ‘பாய்’ மேல் விழும். பெயர்ச்சொல் வேண்டுமானால் ஃபிளாம்பாயன்ஸ்.